‘இந்த நிலம் எனதல்ல’: கஞ்சா வழக்குகளுக்குப் பின்னால் ஒரு நில வரலாறு

‘ஆந்திராவிலிருந்து கடத்திவரப்பட்ட கஞ்சா பறிமுதல், இருவர் கைது.’ இந்தச் செய்தி வராத வாரம் தமிழ்நாட்டில் இல்லை. மேசைமேல் அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் வரிசையாக நிற்கும் காவல்துறையினர், முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். கைதானவர்களின் ஊர்ப் பெயர் வரும். பல நேரங்களில் அது நமக்குத் தெரிந்த ஒரு குடிசைப் பகுதியின் பெயராக இருக்கும். செய்தி அத்தோடு முடிந்துவிடும்.

அந்தச் செடி எந்த மண்ணில் முளைத்தது? அந்த மண் யாருடையது? விதைத்தவர் யார்? விதைக்கப் பணம் கொடுத்தவர் யார்? இந்த நான்கு கேள்விகளும் செய்தியில் இருப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் அவற்றின் பின்னால் போகிறோம். கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கும் நோக்கம் நமக்கு இல்லை. சேரிகளில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ரகசியமாகப் பயிரிட்டான் என்று ஒருவன்மேல் குற்றம் சாட்டும்போது, அந்த நிலம் அவனுக்குச் சொந்தமில்லாமல் போனது எப்படி என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

மலை எப்போது அரசுடைமை ஆனது?

நாம் பேசும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஆந்திராவில் பாடேருவைத் தலைமையிடமாகக் கொண்டு 2022-ல் உருவான அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம்; எல்லைக்கு அப்பால் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மாவட்டங்கள். பகதா, கோந்து, கொண்டதொரை, பொரஜா, கதபா எனப் பல பழங்குடிகள் வாழும் மலைகள் இவை. ஒடிசாப் பக்கத்தில் தோம்பு முதலிய தலித் சாதிகளும் தலைமுறைகளாக இங்கேயே வாழ்கிறார்கள். சிந்தப்பள்ளி, ஜி.மாடுகுலா, பெதபயலு, முஞ்சிங்கிபுட்டு ஆகிய மண்டலங்களின் பெயர்கள் கஞ்சா வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும்.

இந்த மலைகள் நம் வரலாற்றுக்கு வெளியே இருப்பவை அல்ல. ஆந்திரப் பக்கம் 1953 வரையிலும், கோராபுட் பக்கம் 1936 வரையிலும் சென்னை மாகாணத்தில் இருந்தன. நம் ஊர்ப் புறம்போக்கையும் அந்த மலையையும் ஒரே கோட்டையிலிருந்துதான் ஆண்டார்கள்.

அங்கே பழைய விவசாயத்துக்கு ‘போடு’ என்று பெயர். காட்டில் ஒரு துண்டை வெட்டி எரிப்பார்கள். சாம்பல் படிந்த மண்ணில் கேழ்வரகு, சாமை, துவரை என்று கலந்து விதைப்பார்கள். சில ஆண்டுகள் விளைந்தபின் அந்தத் துண்டைக் காடாகவே விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். எந்தத் துண்டு யார் கையில் என்பதை ஊர் தீர்மானிக்கும். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, தேவையும் இருந்ததில்லை.

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு சென்னை வருவாய் வாரியமே வேறு மாதிரி எழுதியிருந்தது. மாகாணத்தில் ஏதாவது ஒரு ஊரின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை. அண்மைக் காலம்வரை அரசு அவற்றின்மேல் சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை என்பது வாரியத்தின் கருத்து. அந்தக் கருத்து தோற்றது. ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும், கருவூலத்துக்கு வருமானம் வேண்டும். காடுகள் அளக்கப்பட்டு, ‘ஒதுக்கப்பட்ட காடு’ என்று அறிவிக்கப்பட்டன. உரிமை இருப்பவர்கள் குறித்த காலத்துக்குள் அதிகாரி முன் வந்து கோர வேண்டும் என்றது சட்டம். எழுத்தறியாத மக்கள், அவர்கள் மொழி அறியாத அதிகாரி, கைக்காசு செலவழித்துப் போக வேண்டிய தாலுகாக் கச்சேரி. கோராதவர்களின் உரிமை போயிற்று. போடு சாகுபடி ஆக்கிரமிப்பு ஆயிற்று. மக்கள் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். அவர்கள் காலடியிலிருந்த மண் மட்டும் கைமாறிவிட்டது.

சமவெளியில் நமக்கு நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். மிராசுதாரின் எதிர்ப்பைத் தாண்டி ஒரு பறையர் குடும்பம் தரிசு நிலத்தைக் கேட்டுப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891-ல் அரசுக்கு எழுதினார். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1905-ல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை, புறம்போக்கில் பாடுபடுகிறவனுக்குக் கிடைக்கும் தாள் ‘பி மெமோ’. அபராதம் விதிக்கும் தாள் அது. ஆனாலும் அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஏனென்றால், ‘இத்தனை வருஷமாக இந்த மண்ணில் நான்தான் இருக்கிறேன்’ என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி அது. பட்டா கேட்டுப் போகும்போது முதலில் எடுத்து நீட்டுவதும் அந்தத் தாளைத்தான். இந்தப் பி மெமோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கள்ளுக்காக ஒரு கலகம்

போதைப் பொருளும் அரசும் இந்த மலைகளில் மோதிக்கொண்டது கஞ்சாவில் தொடங்கவில்லை. 1879-ல் ரம்பா மலைகளில் கலகம் வெடித்தது. காரணங்களில் முக்கியமானது கள்.

மலைமக்கள் தங்கள் மரத்தில், தங்கள் வீட்டுக்கு இறக்கிக் குடித்த கள்ளுக்குப் புதிய ஆப்காரி விதிகள் வரி கேட்டன. வரி கட்டாமல் இறக்குவது குற்றம். அரசு வரி போதாதென்று ரம்பாவின் மன்சப்தாரும் தன் பங்குக்குப் பிடுங்கினார். கடன் கொடுத்த சமவெளி வியாபாரிகள் நீதிமன்றத் தீர்ப்புகளோடு வந்து மாட்டையும் தானியத்தையும் ஓட்டிச் சென்றார்கள். காவலர்கள் வரி வசூலுக்குத் துணை நின்றார்கள். 1879 மார்ச்சில் மக்கள் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். சந்திரய்யா, தம்மன் தொரை போன்றவர்கள் முன்னின்றார்கள். விசாகப்பட்டினத்து மலைகளுக்கும் பத்ராசலம் பக்கத்துக்கும் கலகம் பரவியது. படையை இறக்கி அதை அடக்க அடுத்த ஆண்டுவரை ஆயிற்று.

அந்தக் கள்ளை அரசு தீமை என்று கருதியிருந்தால் எல்லோருக்கும் தடுத்திருக்க வேண்டும். குத்தகைக்காரர் மூலம் விற்கும்போது அது வருவாய். மலைவாசி தன் வீட்டுக்கு இறக்கும்போது அது குற்றம். இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் கஞ்சாக் கதை முழுக்க இதுதான் ஓடுகிறது.

உரிமம் பெற்ற கஞ்சா

1893-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மாகாணம் மாகாணமாகச் சென்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894-ல் பல தொகுதிகளாக அறிக்கை கொடுத்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத் தடைக்கு நியாயம் இல்லை, உரிமம் கொடுத்து வரி விதித்துக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் முடிவின் சாரம்.

அதாவது கஞ்சாவை யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்பதல்ல; அரசு காட்டிய இடத்தில், அரசின் கண்காணிப்பில், அரசின் கிடங்குக்காக வளர்க்கலாம். வங்காளத்தில் நவகாவ் வட்டாரம் அப்படி ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பகுதி. அங்கே பயிரிட்டவர்கள் 1917-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் பள்ளிக்கூடம் கட்டியது, மருத்துவமனை நடத்தியது. சென்னை மாகாணத்தில் கஞ்சா முக்கியமாக விளைந்த இடங்கள் இரண்டு: இன்றைய ஆந்திராவின் பாபட்லா பக்கம் ஒன்று, வட ஆற்காட்டு ஜவ்வாது மலை இன்னொன்று. ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள்.

ஒரே செடி. நவகாவில் அது பள்ளிக்கூடமாயிற்று. காரணம், அங்கே பயிரிட்டவன் கையில் நிலம் இருந்தது, உரிமம் இருந்தது, விலை பேசச் சங்கம் இருந்தது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதே செடி என்ன ஆகும் என்பதைத்தான் பின்னர் பார்க்கப் போகிறோம்.

ஜவ்வாது மலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். செம்மரத்தை வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரி எவரும் அந்தக் காட்டில் சாகவில்லை. காட்டில் விளைவதைக் கடத்தும் எந்தத் தொழிலிலும் குண்டும் சிறையும் கூலிக்காரனுக்கு, இலாபம் காட்டுக்கே வராதவனுக்கு.

1922-க்குப் பிறகு

1922 ஆகஸ்ட் 22 அன்று சிந்தப்பள்ளிக் காவல் நிலையம் தாக்கப்பட்டது. மலைப்பாதை போடும் வேலையில் அடிமாட்டுக் கூலி, வன அதிகாரிகளின் கெடுபிடி, போடு சாகுபடிக்குத் தடை என்று கூடெம் மலையில் குமுறல் இருந்தது. அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் அது போராயிற்று. 1924 மே 7 அன்று ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜு சத்திரிய வகுப்பைச் சேர்ந்தவர். மலைமக்களிலிருந்து வந்து அவருக்குத் தோள்கொடுத்த காம் கந்தம் தொரை, காம் மல்லு தொரை சகோதரர்களின் பெயர்களையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். சிலை யாருக்கு, மாவட்டத்தின் பெயர் யாருக்கு, அடிபட்டவர்கள் யார் என்று பார்ப்பது நமக்குப் பழகிய வாசிப்புமுறை.

விடுதலைக்குப் பின் சட்டப் புத்தகம் மாறியது. ஆந்திரப் பட்டியல் பகுதிகளில் பழங்குடி நிலம் பழங்குடி அல்லாதவருக்குக் கைமாறுவதை 1959-ன் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் 1970-ம் ஆண்டுத் திருத்தமும் தடுத்தன. 1997-ல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைச் சுரங்கக் குத்தகைகளுக்கும் நீட்டியது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் இவை காப்பாற்றியது ஏற்கெனவே பழங்குடியின் பெயரில் இருந்த நிலத்தை. 1882-ன் சட்டம் விழுங்கிய காடு வனத்துறையிடமே இருந்தது.

அதோடு அணைகள் வந்தன. மச்குந்து நீர்மின் திட்டம் மலைமக்களின் பள்ளத்தாக்கு வயல்களை மூழ்கடித்தது. பின்னர் வந்த பாலிமேலா நீர்த்தேக்கம் மல்கான்கிரியின் சித்ரகொண்டா பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தண்ணீரால் துண்டித்தது. அந்தப் பகுதிக்குப் பெயரே ‘துண்டிக்கப்பட்ட பகுதி’. மருத்துவமனைக்கும் ரேஷனுக்கும் படகில் போனார்கள். குருப்ரியா பாலம் திறக்கப்பட்டது 2018-ல். அத்தனை ஆண்டுகள் அரசு போகாத அந்த ஊர்களுக்குக் கஞ்சா வியாபாரி முன்பணத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

1985: சட்டம் பிரித்த கோடு

1985-ல் போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் வந்தது. அதுவரை பல மாநிலங்களில் உரிமக் கடைகளில் விற்ற கஞ்சா, குற்றப் பொருளாயிற்று.

சட்டத்தின் விளக்கப் பிரிவைப் படித்துப் பாருங்கள். கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். அந்த நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. இதனால் இலையிலிருந்து செய்யும் பாங்கு இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் நடக்கின்றன. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் குடிக்கும் பாங்கு மரபு; மலையில் விளையும் நுனி குற்றம். எந்தப் போதைக்குப் பண்பாடு என்று பெயர் கிடைக்கும், எதற்குக் குற்றம் என்று பெயர் கிடைக்கும் என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

தண்டனைகளைப் பார்ப்போம். 20-ஆம் பிரிவின்படி, கஞ்சாச் செடி பயிரிட்டால் 10 ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். வைத்திருப்பதற்கும் கொண்டுபோவதற்கும் தண்டனை எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவரை ‘சிறிய அளவு’. 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு. வணிக அளவு என்றாலே ஜாமீனுக்கு 37-ஆம் பிரிவின் இரும்புக் கதவு. குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன்.

20 கிலோ என்பது எவ்வளவு? தலையில் சுமக்கும் ஒரு மூட்டை. கூலிக்கு மூட்டை சுமந்து மலையிறங்கும் பையன் ஒரே நடையில் ‘வணிகன்’ ஆகிவிடுகிறான். பணம் போட்டு நடத்துபவனுக்கும் இதே சட்டத்தில் 27ஏ என்று தனிப் பிரிவு உண்டு; அதிலும் 10 முதல் 20 ஆண்டு. ஆனால் அவனைப் பிடிக்க வங்கிக் கணக்கைத் தேட வேண்டும், தொலைபேசிப் பதிவைத் தேட வேண்டும், மாநில எல்லை தாண்டிப் போக வேண்டும். மூட்டைக்காரனைப் பிடிக்கச் சோதனைச்சாவடியில் நின்றால் போதும்.

நிலத்தைப் பற்றியும் இந்தச் சட்டம் பேசுகிறது. தன் நிலத்தில் கஞ்சா முளைத்திருப்பது தெரிந்தால் நிலத்துக்காரர் தகவல் தர வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. ஊர் அதிகாரிகளும் பஞ்சாயத்துக்காரர்களும் தகவல் தர வேண்டும் என்கிறது 47. ஒருவர் ‘பயிரிட்ட நிலத்தில்’ செடி இருந்து, அதற்கு அவர் சரியான கணக்குச் சொல்லாவிட்டால், குற்றம் செய்ததாகவே அனுமானிக்கலாம் என்கிறது 54. கவனியுங்கள்: சொந்தமான நிலம் என்று அது சொல்லவில்லை, பயிரிட்ட நிலம் என்கிறது. பட்டா கொடுக்கும்போது ‘உன் நிலம் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்கும் அரசு, தண்டிக்கும்போது அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறது.

ஏன் இந்தப் பயிர்?

மலைமக்களுக்கு வேறு பயிர் தெரியாதா? தெரியும். மஞ்சள், இஞ்சி, மிளகு, ராஜ்மா எல்லாம் அந்த மலையில் நன்றாக விளைகின்றன. அரக்குக் காப்பி இன்று வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறது. 1956-ல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் காட்டு விளைபொருளைக் கொள்முதல் செய்கிறது.

ஆனால் காப்பிச் செடி வைத்தால் முதல் பலன் பார்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் நிழல் மரம் வளர வேண்டும். அத்தனை ஆண்டு அந்த மண் தன்னிடம் இருக்கும் என்ற உறுதி உள்ளவன்தான் காப்பி வைப்பான். வனக்காவலர் எந்த நாளும் வந்து பிடுங்கிப் போடலாம் என்ற நிலையில் இருப்பவன் ஒரு மழைக்காலத்துக்குள் காசாகும் பயிரைத்தான் பார்ப்பான். கஞ்சா ஆனி, ஆடி மழையோடு விதைத்துக் குளிர்காலத்தில் அறுவடையாகிறது. வியாபாரியே விதை கொடுக்கிறான், முன்பணம் கொடுக்கிறான், வந்து எடுத்துக்கொள்கிறான். சந்தைக்குச் சுமந்துபோய் சாகுகாரின் தராசில் ஏமாற வேண்டியதில்லை. பட்டா இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை; கஞ்சா வியாபாரி பட்டா கேட்பதில்லை.

முன்பணம் என்பது கடன். ஒரு வருஷம் போலீஸ் வந்து வெட்டிப்போட்டால் அடுத்த வருஷம் அதைத் தீர்க்க மறுபடி விதைக்க வேண்டும். 1879-ல் தீர்ப்போடு வந்து மாட்டை ஓட்டிப்போன வியாபாரியைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அவனுடைய பேரப்பிள்ளைகள் இப்போது தீர்ப்பில்லாமலே வருகிறார்கள்.

விளைச்சலில் மலைவாசிக்குக் கிடைப்பது சிறு பங்கு. ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் சரக்கின் விலை ஏறுகிறது. முதலீட்டாளர்கள் தமிழ்நாடு, கேரளா உள்ளிட்ட வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள் என்று ஆந்திரக் காவல்துறையே சொல்லியிருக்கிறது. அந்த வகையில் இது நம் ஊர்ப் பிரச்சினையும்தான்: பணம் போடுகிறவனும் நம் பக்கம் இருக்கிறான், சரக்கு வந்து இறங்குவதும் நம் பக்கம்தான்.

‘எனதல்ல’ என்று சொல்ல வைக்கும் வழக்கு

2021 அக்டோபர் இறுதியில் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’வைத் தொடங்கியது. 7,000 ஏக்கருக்கும் மேல் செடிகளை அழித்ததாகக் கணக்குச் சொன்னது. சில ஊர்களில் மக்களே முன்வந்து வெட்டிப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துத் தீவைத்தார்கள். படங்கள் நாடெங்கும் வந்தன.

வெட்டியது சரியா தவறா என்பதில் நாம் நிற்கவில்லை. வெட்டியபின் அந்த மண்ணின் உரிமை என்ன ஆயிற்று என்பதில் நிற்கிறோம்.

2006-ன் வன உரிமைச் சட்டம் 1882-ன் அநீதியைச் சரிசெய்ய வந்தது. ‘வரலாற்று அநீதி’ என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தைத் தன் கையில் வைத்துப் பயிரிடும் பழங்குடிக்கு நான்கு ஹெக்டேர்வரை உரிமை உண்டு. கிராம சபை விசாரிக்க வேண்டும். ஆவணம் இல்லாவிட்டாலும் வரப்பு, சமன் செய்த நிலம், கிணறு, சுடுகாடு, ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம் எல்லாம் ஆதாரம் ஆகும். விசாரணை முடியும்வரை வெளியேற்றக் கூடாது.

இப்போது ஒரு பழங்குடி விவசாயியை நினைத்துப் பாருங்கள். கிராம சபையில் அவன் சொல்ல வேண்டியது: ‘இந்த மண் என்னுடையது. நான்தான் உழுகிறேன், என் அப்பன் உழுதான், இதோ சாட்சி.’ அதே மண்ணில் நான்கு வரிசை கஞ்சா இருந்து போலீஸ் வந்துவிட்டால், வழக்கில் அவன் சொல்ல வேண்டியது: ‘இந்த மண் என்னுடையதல்ல. நான் உழவில்லை. யார் விதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.’ யார் பயிரிட்டார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கிறது. ஆகவே விடுதலையாக அவனுக்கு இருக்கும் வழி தன் மண்ணை மறுதலிப்பது. ஜெயிலிலிருந்து தப்ப நிலத்தைக் கைவிட வேண்டும். நிலத்தைக் கோரினால் ஜெயில்.

ரகசிய விவசாயத்தின் பெரிய நஷ்டம் இதுதான். நம் பெரியவர்களின் தகரப் பெட்டியில் இருந்த பி மெமோவை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வாங்கினாலும் பட்டப்பகலில் உழுதார்கள். அபராதச் சீட்டே உரிமைச் சீட்டாக மாறியது. ஒளித்து விதைத்த நிலத்துக்கு எந்தச் சீட்டும் கிடையாது. இருபது வருஷம் உழைத்தாலும் அந்த உழைப்பு பதிவாவதில்லை.

தாதாசாகிப் கெய்க்வாட் தலைமையில் தலித் இயக்கம் நடத்திய நிலப் போராட்டங்களை இங்கே நினைவுகூர வேண்டும். 1950-களில் மராத்வாடாவில் தொடங்கி, 1964 இறுதியில் குடியரசுக் கட்சி நாடு தழுவி நடத்திய சத்தியாகிரகத்தில் பெருந்திரளானவர்கள் சிறை சென்றார்கள். அரசுத் தரிசில் பாடுபடும் நிலமற்றவர்களுக்கு அதைச் சொந்தமாக்கு என்பது முக்கியக் கோரிக்கை. தமிழ்நாட்டில் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அவர்கள் தங்களுடையதல்ல என்று சட்டம் சொன்ன மண்ணில் வெளிச்சத்தில் நின்று, ‘இது எங்களுடையது’ என்றார்கள். கஞ்சா வியாபாரி மலைவாசிக்குக் கொடுக்கும் முன்பணம் அந்த வாக்கியத்தைத்தான் விலைக்கு வாங்குகிறது.

நாம் செய்ய வேண்டியது

‘அவர்கள் பழங்குடிகள், நமக்கென்ன’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மலையிலும் காட்டோரத்திலும் வாழும் தலித்துகள் இந்தக் கதவில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எந்தப் பதிவேட்டில் நம் பாட்டன் பெயரை எழுதி வைத்தார்கள், 75 ஆண்டுக்கு ஆதாரம் காட்ட? உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் அதை நிறுத்தி வைத்தது. தலைக்குமேல் அந்தக் கத்தி தொங்கும்வரை யாரும் காப்பி வைக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பறிமுதல் செய்தி வரும்போது கைதானவரின் சாதியை வைத்துச் சேரியைத் திட்டும் பதிவுகள் சமூக ஊடகத்தில் வரும். அங்கே நம் தோழர்கள் கேட்க வேண்டியவை: 27ஏ-வில் யார்மீதாவது வழக்குப் போட்டிருக்கிறீர்களா? பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது? மூட்டை சுமந்தவனுக்குச் சட்ட உதவி கிடைத்ததா? எத்தனை மாதமாக விசாரணைக் கைதியாக இருக்கிறான்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பிரிவு வாரியாக எத்தனை வழக்குகள் என்று கேட்பது ஒரு மாணவர் குழுவால் முடிகிற வேலை. சட்டம் படிக்கும் தோழர்கள் சிறைக்குப் போய் இந்த விசாரணைக் கைதிகளைப் பார்க்க வேண்டும்.

கோரிக்கைகளிலும் தெளிவு வேண்டும். கஞ்சா வழக்கைக் காரணம் காட்டி எவருடைய வன உரிமைக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. செடியை அழிக்கிற அதே பருவத்தில் நிலத்தை அளந்து உரிமைப் பத்திரம் கொடுக்க வேண்டும். மாற்றுப் பயிர் என்றால் நாற்று மட்டும் போதாது. பலன் வரும்வரை உள்ள மூன்று, நான்கு ஆண்டுக்கு வருமானமும் கொள்முதல் விலையும் வேண்டும். தலித் வனவாசிகளுக்கு 75 ஆண்டு நிபந்தனை நீங்க வேண்டும்.

இத்தனையும் பேசும்போது நம் தெருவில் பொட்டலம் விற்பவனிடம் மயங்கக் கூடாது. அவனை வீரனாகப் பாடும் பாட்டுகளும் படங்களும் உண்டு. நம் பிள்ளைகளின் படிப்பைத் தின்று, மலையில் ஒருவனின் நிலத்தைத் தின்று, நடுவில் யாரோ ஒருவன் கொழுக்கிறான். அந்த நடுவில் இருப்பவனுக்கு நாம் எதிரி. விதைத்தவனுக்கும் சுமந்தவனுக்கும் நாம் தோழர்கள். முதல் வேலையாக, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மலைக் கிராமத்தில் வன உரிமைக் குழு இருக்கிறதா, எத்தனை மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன என்று விசாரித்து எழுதுங்கள்.